நினைவில் நிற்கும் தடுப்பூசி: மூளையுறை அழற்சியின் வரலாறு தரும் பாடம்

ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவரை அந்நோய் மறுமுறை அண்டுவதில்லை என்பது மனிதகுலம் நெடுங்காலமாக அறிந்திருந்த உண்மை. ஏன் அண்டுவதில்லை என்னும் வினாவுக்கு விடை காண வழி திறந்த தொடக்ககால மருத்துவ மேதைகளுள் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி முதன்மையானவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிந்து அவர் எழுதிய நூல் மருத்துவ வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுள்ளது. குழந்தையின் இரத்தம் புதிதாகப் பிழிந்த பழச்சாற்றைப் போன்றது. வளர வளர அது நுரைத்துப் பொங்கித் தெளிவடைகிறது. அந்தப் பொங்குதலின் வெளிப்பாடே பெரியம்மை என்பது அவரது விளக்கம். ஒருமுறை தெளிந்த சாறு மீண்டும் பொங்குவதில்லை. நோய் திரும்ப வராமைக்கும் இவ்வுவமையிலேயே காரணம் அடங்கியிருந்தது.

இன்றைய அறிவியல் இவ்விளக்கத்தை ஏற்பதில்லை. ஆயினும் அதன் உள்ளே பொதிந்த வினா ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் உயிரோடிருக்கிறது. 1846 ஆம் ஆண்டு வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேர் நோயுற்றனர். அதை ஆராயச் சென்ற டேனிய மருத்துவர் பீட்டர் லுட்விக் பானும் ஒரு வியப்பைக் கண்டார். 1781 இல் அத்தீவுகளில் தட்டம்மை கண்டு பிழைத்திருந்த முதியோர் ஒருவரைக்கூட இம்முறை நோய் தீண்டவில்லை. இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அக்கிருமியை அவர்கள் சந்திக்கவே இல்லை. எனினும் அவர்களது உடல் அதை மறந்திருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றை ஹஜ், உம்ரா பயணம் மேற்கொள்வோர் அறிவர். அப்பயணத்திற்கு மூளையுறை அழற்சித் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். சவூதி அரேபியாவின் விதிப்படி, ஒருவகை ஊசி போட்டவரின் சான்றிதழ் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். மற்றொரு வகை போட்டவருக்கு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். நோய் ஒன்று, கிருமி ஒன்று, இரு ஊசிகளும் உடலுக்குக் காட்டும் கிருமியின் பகுதியும் ஒன்றே. அவ்வாறிருக்க, காலவரையறை மட்டும் ஏன் வேறுபடுகிறது?

இதற்கு விடை தேடுவோமாயின் நோயெதிர்ப்பு அறிவியலின் அடிப்படை உண்மை ஒன்றைச் சென்றடைவோம். உடல் எவ்வளவு காலம் நினைவிற்கொள்ளும் என்பதைக் கிருமி மட்டும் தீர்மானிப்பதில்லை. அக்கிருமியை எவ்வுருவில், எத்துணையோடு, எவ்வயதில் உடலுக்கு அறிமுகம் செய்கிறோம் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

நினைவு என்பது யாது?

நோயெதிர்ப்பு நினைவு என்று நாம் கூறுவது உண்மையில் ஒன்றுக்கு மேற்பட்டது. கிருமியின் ஒரு பகுதியை அடையாளம் காணும் பி உயிரணு தூண்டப்பெற்றதும் பெருகி, எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் உயிரணுக்களாக மாறுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை சில நாட்களில், சில வாரங்களில் மடிந்துவிடும். சில மட்டும் எலும்பு மஜ்ஜையைச் சென்றடைந்து, அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கி, இடையறாது எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டிருக்கும். இவற்றைக் கோட்டை வாயிலில் இரவும் பகலும் நிற்கும் காவலர் எனலாம். மற்றொரு பிரிவு நினைவு உயிரணுக்கள். இவை எதையும் சுரப்பதில்லை. பழைய பகைவனின் அடையாளத்தை ஏந்தியவாறு உடலெங்கும் அமைதியாக உலவுகின்றன. பகைவன் மீண்டும் தோன்றினால் விரைந்து பெருகிப் புதிய படையைத் திரட்டும். ஆனால் படை திரள நான்கைந்து நாட்களேனும் வேண்டும்.

இவ்விரண்டும் நன்கு உருவாவதற்குப் பயிற்சிக் கூடம் ஒன்று தேவை. நிணநீர் முடிச்சுகளுக்குள்ளும் மண்ணீரலுக்குள்ளும் தற்காலிகமாக அமையும் அக்கூடத்தை முளைமையம் என்று அழைப்பர். அங்கே பி உயிரணுக்கள் தம் எதிர்ப்பொருளின் வடிவைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கின்றன. கிருமியோடு இறுகப் பொருந்துபவை தேர்வு பெறுகின்றன, ஏனையவை மடிகின்றன. இத்தேர்வை நடத்தும் ஆசிரியர் டி உயிரணு ஆகும். டி உயிரணுவின் ஒப்புதல் இல்லாத பி உயிரணுவுக்கு இப்பயிற்சியும் இல்லை. நீண்ட நினைவும் பெரும்பாலும் இல்லை. டி உயிரணுவோ புரதத் துணுக்குகளை மட்டுமே படிக்க வல்லது. வெறும் சர்க்கரை அதன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இந்த ஒரு குறிப்பை மனத்திற்கொண்டால் மேலே வரும் வரலாறு முழுவதும் தெளிவாகும்.

போர்வீரர்க்காகப் பிறந்த ஊசி

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள சவ்வில் ஏற்படும் அழற்சியே மெனிஞ்சைடிஸ் எனப்படும் மூளையுறை அழற்சி. இதற்குக் காரணமான கிருமிகள் பல. அவற்றுள் மெனிங்கோகாக்கஸ் எனும் பாக்டீரியா, நெருக்கமாக மக்கள் கூடுமிடங்களில் கொள்ளைநோயாகப் பரவும் இயல்புடையது. நலமாயிருப்போர் பலரின் தொண்டையில் அது தீங்கின்றித் தங்கியிருக்கும். சிலரிடத்து மட்டும் இரத்தத்தில் புகுந்து, ஓரிரு நாட்களில் உயிரைப் பறித்துவிடும். பிழைத்தவர்களுள்ளும் சிலர் செவிப்புலனை இழப்பர்; சிலர் கைகால்களை இழப்பர்.

இப்பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சர்க்கரை உறையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. உறையின் வேதியமைப்பைக் கொண்டே ஏ, பி, சி, டபிள்யூ, எக்ஸ், ஒய் என வகைகள் பிரிக்கப்படுகின்றன. அமெரிக்க இராணுவப் பயிற்சி முகாம்களில் இந்நோய் நெடுநாள் தொல்லையாக இருந்தது. அதைத் தடுக்கப் பயன்பட்ட சல்ஃபா மருந்துகள் 1963 அளவில் பயனற்றுப் போயின. வால்ட்டர் ரீட் இராணுவ ஆய்வு நிலையத்தில் எமில் காட்ஷ்லிக் முதலானோர், அச்சர்க்கரை உறையைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து அதையே தடுப்பூசியாக்கினர். 1969 இல் வெளியான அவர்களது ஆய்வுகள் மருத்துவத்தில் ஒரு திருப்பமாகும்.

அவ்வூசி தன் பணியைச் செவ்வனே செய்தது. ஆனால் அது யாருக்காக உருவாக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. இருபது வயது நிரம்பிய, உடல்நலம் மிக்க, சில மாதங்கள் மட்டும் நெருக்கமான முகாமில் வாழப்போகும் இளைஞனுக்காக அது பிறந்தது. அவனுக்கு நெடுங்கால நினைவு தேவைப்படவில்லை. அத்தேவை இல்லாதவர்க்குப் பொருத்தமாயிருந்த ஊசியே பின்னர் உலகெங்கும் குழந்தைகள் முதல் முதியோர் வரை அனைவருக்கும் சென்றது.

சர்க்கரை மட்டும் தனித்துச் செல்லும்போது உடலில் நிகழ்வது யாது? நீண்ட சர்க்கரைச் சங்கிலியில் ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வருவதால், அது பி உயிரணுவின் பல ஏற்பிகளை ஒரே நேரத்தில் பற்றி இழுக்கிறது. டி உயிரணுவின் துணையின்றியே பி உயிரணு தூண்டப்பெற்று எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. ஆனால் முளைமையம் முறையாக அமைவதில்லை, தேர்வு நிகழ்வதில்லை, மஜ்ஜையில் நிலையான காவலரும் அமர்வதில்லை. வளர்ந்தோரிடம் பாதுகாப்பு சில ஆண்டுகளில் தேய்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமோ, பெரும்பாலான சர்க்கரை வகைகளுக்கு எதிர்வினையே போதிய அளவு எழுவதில்லை.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. சிலவகைச் சர்க்கரை ஊசிகளை மறுமுறை போடும்போது எதிர்வினை முதல்முறையைவிடக் குறைகிறது. ஏற்கெனவே இருக்கும் நினைவு உயிரணுக்களைச் சர்க்கரை தூண்டிச் சுரப்பு உயிரணுக்களாக மாற்றிவிடுகிறது. அவை விரைவில் மடிகின்றன. அவற்றின் இடத்தை நிரப்பப் புதியன உருவாவதில்லை. சேமிப்பைக் கரைத்துச் செலவு செய்வது போன்ற நிலை இது.

ஹஜ் காலத்துக் கொள்ளைநோய்கள்

இக்குறைபாடு எத்துணைப் பெரிதென்பதை உலகம் மக்காவில் கண்டது. 1987 ஆம் ஆண்டு ஹஜ்ஜை ஒட்டி ஏ வகை மெனிங்கோகாக்கஸ் கொள்ளைநோயாகப் பரவியது. திரும்பிச் சென்ற பயணிகள் வழியே பல நாடுகளுக்கும் அது சென்றது. அதன்பின் ஏ, சி வகைகளுக்கு எதிரான சர்க்கரை ஊசி பயணிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில், அவ்வூசியில் இடம்பெறாத டபிள்யூ-135 எனும் வகை தலைதூக்கியது. ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள், அவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள் என 400க்கும் மேற்பட்டோர் பல நாடுகளில் நோயுற்றனர். அடுத்த ஆண்டிலும் நோய் தொடர்ந்தது. அதன் பின்னர் ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைகளையும் உள்ளடக்கிய ஊசி கட்டாயமாயிற்று.

நோயுற்றவர்களுள் பலர் ஹஜ்ஜுக்கே செல்லாதவர்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அவர்கள் பயணம் முடித்து வந்தவர்களின் வீட்டார். குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். சர்க்கரை ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கினாலும், தொண்டையில் குடியிருக்கும் கிருமியை நிலையாக அகற்றுவதில்லை. நால்வகைச் சர்க்கரை ஊசி போட்டுச் சென்று 2001 ஹஜ்ஜிலிருந்து திரும்பிய சிங்கப்பூர்ப் பயணிகளை ஆய்ந்தபோது, ஏறத்தாழ ஏழில் ஒருவர் டபிள்யூ-135 கிருமியைத் தொண்டையில் சுமந்திருந்தது தெரியவந்தது. அவர்கள் நலமாகவே இருந்தனர். எனினும் தம்மைக் காத்த அவ்வூசி, அவர்கள் ஆரத்தழுவிய பேரக்குழந்தையைக் காக்கவில்லை.

சர்க்கரையோடு புரதம்

இதற்கான தீர்வின் வித்து மிகப் பழையது. சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிமுறையில் பிணைத்துச் செலுத்தினால் நோயெதிர்ப்பு வலுப்பெறும் என்பதை ஆஸ்வால்ட் ஏவரியும் வால்தர் கோபலும் 1929 இலேயே விலங்குகளில் காட்டியிருந்தனர். அரை நூற்றாண்டு கழித்து, 1980 இல், ஜான் ராபின்ஸும் ரேச்சல் ஷ்னீர்சனும் அதே கோட்பாட்டை ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி எனும் மற்றொரு மூளையுறை அழற்சிக் கிருமிக்குப் பயன்படுத்தினர். இணைப்புத் தடுப்பூசி எனப்படும் வகை இவ்வாறு உருவாயிற்று.

அதன் நுட்பம் எளிமையும் அழகும் வாய்ந்தது. சர்க்கரையை அடையாளம் காணும் பி உயிரணு அதைப் பற்றி உள்ளிழுக்கும்போது, பிணைக்கப்பட்ட புரதமும் சேர்ந்து உள்ளே செல்கிறது. பி உயிரணு அப்புரதத்தைத் துணுக்குகளாக்கித் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கிறது. அத்துணுக்கைப் படிக்கத் தெரிந்த டி உயிரணு அதைக் கண்டு, தேவையான ஒப்புதலை வழங்குகிறது. புரதத்துக்காக வழங்கப்பட்ட ஒப்புதலைக் கொண்டு, சர்க்கரையை அறிந்த பி உயிரணு பயிற்சிக் கூடத்துக்குள் நுழைகிறது. காவலரும் உருவாகின்றனர், நினைவு உயிரணுக்களும் உருவாகின்றன. குழந்தையின் உடலும் இதற்கு ஈடுகொடுக்கிறது. சர்க்கரை மாறவில்லை. அதனுடன் சென்ற துணை மட்டுமே மாறியது.

பிரித்தானியா கற்ற பாடம்

1999 நவம்பரில் சி வகைக்கு எதிரான இணைப்புத் தடுப்பூசியை நாடளாவிய அளவில் அறிமுகப்படுத்திய முதல் நாடு பிரித்தானியா. நோய் விரைந்து வீழ்ந்தது. பதின்ம வயதினரின் தொண்டையில் சி வகைக் கிருமி தங்கியிருக்கும் அளவும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைந்தது. ஊசி போடாதவரும் அதனால் பயன்பெற்றனர்.

ஆனால் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. பிறந்த இரண்டு, மூன்று, நான்காம் மாதங்களில் ஊசி பெற்ற குழந்தைகளிடம், ஓராண்டு கழிந்ததும் ஊசியின் பாதுகாப்பு ஏறத்தாழ மறைந்துவிட்டிருந்தது. அவர்களது உடலில் நினைவு உயிரணுக்கள் இருந்தன. மறுமுறை ஊசி போட்டால் எதிர்ப்பொருள் விரைந்து பெருகியது. ஆயினும் நினைவு இருந்தும் நோய் தாக்கியது.

விளக்கம் காலக்கணக்கில் இருக்கிறது. மெனிங்கோகாக்கஸ் தொண்டையை அடைந்து இரத்தத்தில் புக ஒருசில நாட்களே போதும். நினைவு உயிரணுக்கள் விழித்துப் படை திரட்டுவதற்குள் நோய் முற்றிவிடக்கூடும். வாயிலில் காவலர் இல்லாத கோட்டையை, தொலைவிலிருந்து வரும் படை காப்பாற்றுவதற்கில்லை. மெதுவாக முதிரும் நோய்களில் நினைவு உயிரணுக்களே போதுமானவையாக அமையலாம். விரைந்து தாக்கும் நோயில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் ஆயத்தமாக இருந்தாக வேண்டும். இதனை உணர்ந்த பிரித்தானியா 2006 இல் ஊசி அட்டவணையை மாற்றி, ஓராண்டு நிறைவில் ஊக்க ஊசியைச் சேர்த்தது. ஒரே மருந்து, போடும் வயதும் இடைவெளியும் மாறியதும் வேறு பயன் தந்தது.

சாஹெலில் நிகழ்ந்த மாற்றம்

செனகல் முதல் எத்தியோப்பியா வரை, சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பை ஒட்டிய நாடுகள் மூளையுறை அழற்சிப் பட்டை என்று அழைக்கப்படுகின்றன. வறண்ட காற்று வீசும் மாதங்களில் இந்நோய் அங்கே பேரழிவாக எழுவது வழக்கம். 1996, 1997 ஆம் ஆண்டுகளில் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, 25,000 பேர் மாண்டனர். பெரும்பாலும் ஏ வகையே காரணம். கொள்ளைநோய் தொடங்கிய பின்னர்ச் சர்க்கரை ஊசியைக் கொண்டு விரைவதே பல்லாண்டுகளாக நடைமுறையாக இருந்தது. ஊசி வந்து சேர்வதற்குள் பலர் இறந்திருப்பர். பிழைத்தோருக்குக் கிடைத்த பாதுகாப்பும் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும்; மீண்டும் அதே ஓட்டம்.

செல்வ நாடுகளிடம் இணைப்பு ஊசி இருந்தது. ஆனால் ஏ வகை அங்கே பெரிய சிக்கலன்று. எனவே ஏ வகைக்கென ஓர் ஊசியை ஆக்குவதில் பெருநிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை. ஓர் ஊசி அரை டாலருக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே எங்களால் தொடர்ந்து வாங்க இயலும் என்று ஆப்பிரிக்க நாடுகள் தெளிவாகக் கூறின. 2001 இல் உலக சுகாதார நிறுவனமும் பாத் எனும் தொண்டு அமைப்பும் இணைந்து மூளையுறை அழற்சித் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கின. அமெரிக்க அரசு ஆய்வகத்தில் உருவான இணைப்பு நுட்பம் இந்தியாவின் புணே நகரிலுள்ள சீரம் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. ஏ வகைச் சர்க்கரையை இரணஜன்னி நச்சுப்புரதத்தின் தீங்கற்ற வடிவோடு பிணைத்து அங்கே உருவாக்கப்பட்டதே மென்ஆஃப்ரிவாக்.

2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகூவில் அது அறிமுகமாயிற்று. கொள்ளைநோய் வரும்வரை காத்திராமல், 1 முதல் 29 வயது வரையிலான அனைவருக்கும் முன்கூட்டியே போடப்பட்டது. சாட் நாட்டில், ஊசி போடப்பட்ட பகுதிகளில் நோய் 94 விழுக்காடு குறைவாக இருந்தது. தொண்டையில் கிருமி தங்கியிருக்கும் அளவு 98 விழுக்காடு வீழ்ந்தது. 30 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இவ்வூசியைப் பெற்றுள்ளனர். ஒரு நூற்றாண்டுக் காலம் அந்நிலத்தை அச்சுறுத்திய ஏ வகைக் கொள்ளைநோய் மறைந்தது. துணையாகச் சேர்த்த புரதத்தால் இரணஜன்னிக்கு எதிரான பாதுகாப்பும் உயர்ந்தது கூடுதல் நன்மை.

எனினும் உடல் தனக்குக் காட்டப்பட்டதை மட்டுமே நினைவிற்கொள்ளும். ஏ வகை அகன்றபின் சி வகை அங்கே தலையெடுத்தது. 2017 இல் நைஜீரியாவில் ஏற்பட்ட கொள்ளைநோயில் 14,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் ஆகிய ஐந்து வகைகளுக்கும் எதிரான புதிய இணைப்பு ஊசியை 2024 இல் உலகிலேயே முதலாவதாக நைஜீரியா பயன்படுத்தத் தொடங்கியது.

எதிர்த்திசையில் ஓர் அனுபவம்

இதுவரை கூறியவற்றிலிருந்து, புதிய ஊசி எப்போதும் பழையதைவிட மேலான நினைவைத் தரும் என்று முடிவு செய்துவிடலாகாது. கக்குவான் இருமல் தடுப்பூசியின் வரலாறு இதற்கு மாறானது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பயன்படும் பழைய ஊசி, கொல்லப்பட்ட முழு பாக்டீரியாவையும் உள்ளடக்கியது. ஊசி போட்ட இடத்தில் வீக்கம், காய்ச்சல், குழந்தையின் ஓயாத அழுகை ஆகியன அதனால் உண்டாவது வழக்கம். ஜப்பானில் 1975 இல் இரு குழந்தைகளின் இறப்பையடுத்து அவ்வூசி நிறுத்தி வைக்கப்பட்டது. தடுப்பூசி பெறுவோர் தொகை சரிந்தது. 1979 இல் 13,000 பேர் நோயுற்று, 41 பேர் இறந்தனர். கிருமியின் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்து ஜப்பானியர் உருவாக்கிய மென்மையான ஊசி 1981 இல் அங்கே புழக்கத்துக்கு வந்தது. பின்னர் மேலைநாடுகளும் அதனைத் தழுவின. அமெரிக்கா 1997 முதல் குழந்தைகளுக்கான எல்லாத் தவணைகளுக்கும் அதையே பரிந்துரைத்தது.

காய்ச்சல் குறைந்தது, நினைவும் குறைந்தது. 2010 இல் கலிஃபோர்னியாவில் 9,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பத்துப் பச்சிளங்குழந்தைகள் இறந்தன. ஐந்தாம் தவணைக்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் நோய் வரும் வாய்ப்பு சராசரியாக 42 விழுக்காடு கூடுகிறது என 2012 இல் அங்கே நடந்த ஆய்வு காட்டியது. புதிய ஊசி பெற்ற பபூன் குரங்குகள் நோயுறவில்லையாயினும், கிருமியைத் தொண்டையில் சுமந்து பிறவற்றுக்குப் பரப்பின. முழுக் கிருமி ஊசி எழுப்பும் டி உயிரணுக்களின் வகை வேறு. புரதத் துணுக்கு ஊசி எழுப்பும் வகை வேறு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1998 இல் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, முதல் தவணையில் பழைய ஊசி பெற்றவர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சிறந்த பாதுகாப்போடு இருந்தது புலனாயிற்று. பின்னர்ப் போட்ட ஊசிகள் எவையாயினும், முதல் அறிமுகம் பதித்த சுவடு அழியவில்லை. இளமையில் கற்றது கல்லில் எழுத்து என்பது உயிரணுக்களுக்கும் பொருந்துகிறது.

உருவமும் நினைவும்

நினைவின் நீளத்தில் காணும் வேறுபாடு வியப்பூட்டுவது. எதிர்ப்பொருளின் அளவு பாதியாகக் குறைய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை 2007 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. இரணஜன்னிக்கு 11 ஆண்டுகள். தொண்டை அடைப்பானுக்கு 19 ஆண்டுகள். பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட உயிருள்ள வைரஸுக்கு 92 ஆண்டுகள். உயிருள்ள வைரஸ் உடலில் பெருகி, பலவகை எச்சரிக்கைகளை ஒருங்கே எழுப்புவதால் பாடம் ஆழப் பதிகிறது.

உயிரற்ற ஊசியும் அவ்வாழத்தை எட்டலாம் என்பதற்குக் கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி சான்று. அதில் வைரஸ் இல்லை. வைரஸின் மேலோட்டைப் போன்ற உள்ளீடற்ற கோளம் மட்டுமே உள்ளது. அக்கோளத்தில் ஒரே புரதத்தின் 360 படிகள் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் அடுக்கப்பட்டுள்ளன. இவ்வொழுங்கு பி உயிரணுக்களை வலுவாகத் தூண்டுகிறது. கூடவே அது புரதமாகையால் டி உயிரணுவின் ஒப்புதலும் கிடைத்துவிடுகிறது. ஒரே தவணை பெற்றவர்களிடம்கூட எதிர்ப்பொருள் பத்தாண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருப்பது கண்டறியப்பட்டது. 2022 இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணை முறையையும் ஏற்றுக்கொண்டது.

2020 இன் இறுதியில் வந்த ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா ஊசிகள் உயிர்களைக் காத்தன. ஆனால் அவை உண்டாக்கிய எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் தேய்ந்தது. ஊசி பெற்றோரின் எலும்பு மஜ்ஜையை ஆராய்ந்தபோது, இரணஜன்னிக்கான காவலர் நிலைபெற்றிருக்க, கொரோனாவுக்கான காவலர் அரிதாகவே காணப்பட்டனர். நினைவு உயிரணுக்களோ நிலைத்திருந்தன. தொற்று மீண்டும் மீண்டும் வந்தும் கடுமையான நோய் குறைந்ததற்கு இவையும் டி உயிரணுக்களின் நினைவும் காரணமாயின. காவலரையும் நினைவு உயிரணுக்களையும் வேறாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு இதில் முரண்பாடு எதுவும் தோன்றாது.

நாம் கேட்க வேண்டியவை

தடுப்பூசி போட்டாயிற்றா என்பதே நம்மிடையே வழக்கமாகக் கேட்கப்படும் வினா. எந்த வகை ஊசி, எந்த வயதில், எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்னும் வினாக்களும் அத்தோடு சேர வேண்டும். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் அச்சான்றிதழை விமான நிலையத்தில் காட்டும் தாளாக மட்டும் கருதலாகாது. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் ஊசி போட வேண்டும் என்ற விதி, எதிர்ப்பொருள் உருவாகத் தேவைப்படும் காலத்தைக் கொண்டு அமைந்தது. 2024 இல் உம்ரா சென்று வந்தவர்களோடு தொடர்புடைய மூளையுறை அழற்சி நிகழ்வுகள் அமெரிக்கா, பிரான்ஸ், பிரித்தானியா ஆகிய நாடுகளில் பதிவாயின. நோயுற்றோருள் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள். இணைப்பு ஊசி கிடைக்குமிடத்து அதனைத் தேர்வது, தனக்கு மட்டுமன்றி வீட்டில் காத்திருக்கும் குழந்தைக்கும் செய்யும் கடமையாகும்.

நம் ஊர்ப் பெற்றோருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 2011 டிசம்பரில் இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாடும் கேரளமும் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் சேர்த்தன. பிறந்த 6, 10, 14 ஆம் வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் போடப்படும் அவ்வூசியில், ராபின்ஸும் ஷ்னீர்சனும் வழிவகுத்த இணைப்புச் சர்க்கரையும் உள்ளது. பழைய முழுக் கிருமிக் கக்குவான் மருந்தும் உள்ளது. தனியார் மருத்துவமனைகளில் வலியில்லா ஊசி என்று கூடுதல் விலைக்குக் கிடைப்பது புரதத் துணுக்கு வகை. அது பயனற்றதன்று, உரிய மருத்துவக் காரணம் இருப்பின் அதுவே பொருத்தமானது. கருவுற்ற தாய்மாருக்கும் அவ்வகையே போடப்படுகிறது. ஆனால் ஓரிரவுக் காய்ச்சலைத் தவிர்க்கும் ஒரே நோக்கில் அதை நாடுவோர், விலை மிகுந்தது நினைவிலும் மிகுந்ததாயிருக்கும் என்று எண்ணிவிடலாகாது. அந்த ஓரிரவுக் காய்ச்சல், பல்லாண்டு நிலைக்கும் பாடத்தை உடல் கற்றுக்கொள்ளும் வேளையில் எழும் வெப்பமாகவும் இருக்கலாம்.